சுவரில் எழுத எந்தப் பெயின்ட்? 24 குறிப்புகள்

மார்கழி நெருங்கினால் பூஜை அறைச் சுவரில் திருப்பாவைப் பாசுரம் ஒன்றை எழுதிவைக்க ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு ஆசை வருவது இயல்பு. பக்கத்து ராஜபாளையத்தில் கூடத்துச் சுவரில் ஒரு குறள், பிள்ளைகள் அறையில் உயிரெழுத்து வரிசை, கடைக்குள்ளே விலைப்பட்டியல் என்று தேவைகள் வேறு. கடைத்தெருப் பலகைகளை ஃப்ளெக்ஸ் பிடித்துக்கொண்டாலும், வீட்டுக்குள் கையால் எழுதிய எழுத்துக்கு உள்ள அழகு தனிதான்.

ஆனால் பெயின்ட் கடைக்குள் நுழைந்ததும் நாம் முதலில் கேட்பது நிற அட்டையை. எழுத்து உரிவதும் மஞ்சளடிப்பதும் ஓரம் கசிவதும் பெரும்பாலும் நிறத்தால் வருவதில்லை. சுவருக்குப் பொருந்தாத பெயின்ட்டால் வருபவை. சுவரை முதலில் பாருங்கள், எழுத்தின் வளைவை அடுத்துப் பாருங்கள். நிற அட்டையைக் கடைசியில் விரித்தால் போதும்.

சுவரைப் பார்க்க

1. சுவரை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் மேலே இருப்பது சுண்ணாம்பு அல்லது பழைய டிஸ்டம்பர். அதன்மேல் எழுதினால் பெயின்ட் சுவரைப் பிடிக்காது, பொடியைத்தான் பிடிக்கும். பொடி உதிரும்போது எழுத்தும் உதிரும். உதிர்வதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, பிரைமர் ஒரு கோட் அடியுங்கள். முழுச் சுவருக்கும் வேண்டாம். எழுதப்போகும் கட்டத்துக்கு மட்டும் அடித்து, அதன்மேல் பின்னணி நிறத்தைப் பூசினால் போதும்.

2. சுவரில் ஏற்கெனவே இருப்பது எமல்ஷனா எனாமலா என்று தெரியவில்லையா? பஞ்சில் கொஞ்சம் சானிடைசர் ஊற்றி, கண்ணில் படாத மூலையில் நன்றாகத் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அது தண்ணீர் கலந்து அடித்த பெயின்ட். ஏறாமல் சுவர் பளபளவென்று அப்படியே இருந்தால் எனாமலாக இருக்கும். எமல்ஷன் சுவரில் எமல்ஷன், எனாமல் இரண்டாலும் எழுதலாம். எனாமல் சுவரில் எமல்ஷன் பிடிக்காது. நைஸ் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகே எழுத வேண்டும்.

3. ஓதம் இருக்கும் சுவரில் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. சந்தேகம் இருந்தால் ஓரடிக்கு ஓரடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறது. குளியலறைக்குப் பின்பக்கச் சுவர், மொட்டைமாடித் தொட்டிக்குக் கீழ்ச்சுவர், தரையிலிருந்து 2 அடி வரை உள்ள பகுதி ஆகிய மூன்றையும் கட்டாயம் சோதியுங்கள். உப்புப் பூத்த இடத்தைப் பட்டி வைத்து மூடி எழுதுவது காசைக் கரியாக்கும் வேலை. முதலில் கசிவை நிறுத்துங்கள்.

4. புதிதாகப் பூசிய சிமென்ட் சுவரில் குறைந்தது 28 நாளாவது எழுத வேண்டாம். சிமென்ட்டின் காரம் எனாமலில் உள்ள எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடும். எழுத்து பிசுபிசுத்து, பிறகு செதில் செதிலாக வரும். அவசரமாகக் கிரகப்பிரவேசம் வைத்தால், வீட்டுப் பெயரைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டுச் சுவர் எழுத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.

5. மாடவீதிப் பக்கம் இருப்பதுபோன்ற பழைய காரை வீடுகளுக்குக் கணக்கு வேறு. சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் எனாமலைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளம் கிளம்பும். இங்கே நீர்த்த சுண்ணாம்பில் நிறப்பொடி கலந்து எழுதுவதே பொருத்தம். காவி, மஞ்சள் ஆக்சைடு, கரிக்கறுப்பு, துணிக்குப் போடும் நீலம் ஆகியவை சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். கோலப்பொடிக் கடையில் கிடைக்கும் ரோஸ், பச்சைப் பொடிகளை நம்ப வேண்டாம். பெரும்பாலும் சீக்கிரமே வெளுத்துவிடும்.

6. மார்கழிக்கு எழுத வேண்டும் என்றால் கார்த்திகை வரை காத்திருக்காதீர்கள். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான்; அப்போது சுவர் நனைந்து ஊறியிருக்கும். புரட்டாசிக்குள் எழுதி முடித்துவிட்டால் மழைக்கு முன் நன்றாக இறுகிவிடும். சித்திரை வெயிலில் எழுதினால் காலை 10 மணிக்குள் முடியுங்கள். சூடான சுவரில் எமல்ஷன் பிரஷ் நுனியிலேயே காய்ந்து, வளைவு பாதியில் ஒட்டுப் போட்டதுபோல் தெரியும். போகிக்கு முன் வருடாவருடம் வெள்ளையடிக்கும் வழக்கம் இருந்தால், எழுத்துச் சுவரை அந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள்.

பெயின்ட்டைத் தேர்ந்தெடுக்க

7. படுக்கையறை, கூடம், பிள்ளைகள் அறைக்கு அக்ரிலிக் எமல்ஷன்தான் முதல் தேர்வு. வாசனை குறைவு, பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவலாம், அரை மணி நேரத்தில் தொடும் அளவுக்குக் காயும். அடுத்த கோட்டுக்கு 4 மணி நேரம் விடுங்கள். பின்னணி மேட் ஆக இருந்தால் எழுத்தையும் மேட் அல்லது லேசான மினுமினுப்புள்ள வகையில் எழுதுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் பளபளப்பு எழுத்து இருந்தால், வெளிச்சம் அடிக்கும் நேரத்தில் பாதி வரி படிக்க முடியாது.

8. எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் படியும் இடத்துக்கு எனாமல். சமையலறை, பலகாரக் கடை, விறகடுப்பில் பால்கோவா கிண்டும் கூடம் போன்ற இடங்களில் எமல்ஷன் எழுத்தை அடிக்கடி தேய்த்துத் துடைத்தால் மங்கிவிடும். எனாமல் சோப்புத் தண்ணீரைத் தாங்கும். மெதுவாகக் காய்வது இதன் குறை. எழுதுபவருக்கு அதுவே வசதி. பிரஷ் தடம் தானாகப் படிந்து, 'ஞ', 'ண' போன்ற எழுத்துகளின் வளைவு ஒட்டுத் தெரியாமல் சேரும்.

9. ஓரங்குலத்துக்குக் குறைவான எழுத்துக்கு, கைவேலைக் கடையில் பாட்டிலில் விற்கும் அக்ரிலிக் கலரே போதும். நிறம் அடர்த்தி, கலக்கும் வேலை இல்லை. போஸ்டர் கலர் மட்டும் வேண்டாம். காய்ந்த பிறகும் ஈரத்துணி பட்டால் கரைந்து வழியும்.

10. வாடகை வீடா? எனாமல் பக்கமே போகாதீர்கள். காலி செய்யும்போது எமல்ஷன் எழுத்தின் மேல் பிரைமரும் இரண்டு கோட் பின்னணி நிறமும் அடித்தால் மறைந்துவிடும். எனாமல் எழுத்து மேடு தட்டி நிற்கும். எத்தனை கோட் அடித்தாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் முழு வரியும் தெரியும். வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் பிளைவுட் பலகையில் எழுதி மாட்டுங்கள்.

11. கடை விலைப்பட்டியலில் பொருளின் பெயரை எனாமலில் எழுதி, விலைக்கான பத்தியில் மட்டும் கரும்பலகை பெயின்ட் அடித்துவிடுங்கள். பால் விலை ஏறும்போது சாக்பீஸால் மாற்றிக்கொள்ளலாம். எண் மேல் எண் பூசிய தழும்பு இருக்காது.

12. அளவு பார்த்து வாங்குங்கள். ஒரு பாசுரத்துக்கோ இரண்டு குறளுக்கோ 100 மில்லி எனாமல் டப்பாவே மிச்சமாகும். எமல்ஷனில் மெஷினில் கலக்கும் நிறம் என்றால் பெரும்பாலும் ஒரு லிட்டர் வாங்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் வெள்ளை எமல்ஷன் சின்ன டப்பாவும் ஸ்டெயினர் டியூப்பும் வாங்கி வீட்டிலேயே கலக்கலாம். டப்பாவில் எழுதிய அளவுக்கு மேல் ஸ்டெயினரைப் பிழியாதீர்கள். பெயின்ட் சரியாகக் காயாது, கை பட்டால் நிறம் ஒட்டும்.

13. பரணில் கிடக்கும் பழைய எனாமல் டப்பாவைப் பிள்ளைகள் அறைக்கு எடுக்க வேண்டாம். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி கொண்டுவந்தது. அது 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முந்தைய டப்பாக்களில், முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் ஈயம் அதிகம் இருக்க வாய்ப்புண்டு. புதிதாக வாங்கும்போது ஈய அளவு பற்றிய குறிப்பும் தயாரிப்புத் தேதியும் டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறத்தைத் தீர்மானிக்க

14. வெளிச்சம் குறைந்த பூஜை அறையில் வெள்ளை எழுத்தை எனாமலில் எழுதாதீர்கள். எண்ணெய் சார்ந்த வெள்ளைப் பெயின்ட் இருட்டில் இருந்தால் நாளாக ஆகப் பழுப்பு மஞ்சளாகும். வெளிச்சம் உள்ள இடத்தில் இந்த மாற்றம் குறைவு. வெள்ளையும் இளநிறங்களும் அக்ரிலிக்கில், காவி, கறுப்பு, கரும்பச்சை போன்ற அடர்நிறங்கள் எதில் வேண்டுமானாலும் என்று வைத்துக்கொண்டால் தவறு வராது.

15. மஞ்சளும் பளீர் சிவப்பும் அடிநிறத்தை எளிதில் மறைக்காது. நீலச் சுவரில் நேராக மஞ்சள் எழுத்தை எழுதினால் நான்கு கோட் போனாலும் பச்சை தட்டும். எழுத்தின் வடிவத்தை முதலில் வெள்ளையில் ஒரு கோட் நிரப்பி, அதன்மேல் மஞ்சளை எழுதுங்கள். இரண்டே கோட்டில் நிறம் எடுப்பாக நிற்கும்.

16. தங்க நிறம் வேண்டுமென்றால், எதில் செய்த தங்கம் என்று கேளுங்கள். வார்னிஷில் கலக்கும் தங்கப்பொடி செம்பும் துத்தநாகமும் சேர்ந்த உலோகத் தூள். காற்றும் ஈரமும் பட்டால் கறுக்கும். மைக்கா கலந்த அக்ரிலிக் தங்க நிறம் கறுக்காது. எதுவானாலும் அடியில் மஞ்சள் ஆக்சைடு நிறத்தில் ஒரு கோட் கொடுங்கள். தங்கம் கனமாகத் தெரியும், செலவும் குறையும்.

17. நிறத்தைக் கடை வெளிச்சத்தில் முடிவு செய்யாதீர்கள். ஒரு சாட் அட்டையில் பின்னணி நிறத்தைப் பூசி, அதன்மேல் 'ழு' என்று ஒரே ஓர் எழுத்தை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பகலிலும், டியூப்லைட் போட்டும், பூஜை அறை என்றால் விளக்கேற்றியும் பாருங்கள். விளக்கொளியில் மஞ்சள் எழுத்து இளநிறச் சுவரோடு கரைந்துவிடும். மெரூன், கரும்பச்சை நிற்கும்.

எழுதும்போது

18. எழுத்தின் உயரத்துக்கு ஒரு கணக்கு: 10 அடி தள்ளி நின்று வசதியாகப் படிக்க 1 அங்குலம் என்பது பலகை எழுதுபவர்களின் பொதுவான அளவு. தமிழில் சுழியும் வளைவும் அதிகம் என்பதால் ஒன்றரை அங்குலமாக வையுங்கள். திருப்பாவைப் பாசுரம் ஒவ்வொன்றும் 8 வரி. ஒன்றரை அங்குல எழுத்து, ஒன்றரை அங்குல இடைவெளி என்றால் உயரம் 2 அடி ஆகும். அகலத்துக்குச் சுமார் 4 அடி விடுங்கள். 30 பாசுரங்களையும் எழுத நினைத்தால் 240 வரிகள் வரும். ஒரு சுவர் தாங்காது, அறை முழுக்கத் திட்டமிட வேண்டும்.

19. பெயின்ட்டின் பதம் சரியாக இல்லையென்றால் எழுத்தின் சுழி அடைபடும். பிரஷ்ஷைத் தூக்கினால் நல்லெண்ணெய்போல இழையாக இறங்க வேண்டும். கெட்டியாக இருந்தால் எமல்ஷனுக்குத் தண்ணீரும் எனாமலுக்கு டர்பன்டைனும் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். ஒரேயடியாக நீர்த்துவிட்டால் 'ண'வின் உள்வளைவிலும் 'ஷ'வின் மடிப்பிலும் வழிந்து தேங்கும். பழைய டப்பாவில் ஆடை படர்ந்திருந்தால் அதைக் கலக்காதீர்கள், எடுத்துவிட்டு வடிகட்டுங்கள். வடிகட்ட நம் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணியை விடச் சிறந்தது கிடையாது. இரண்டாக மடித்துக் கட்டினால் போதும்.

20. எமல்ஷனுக்கும் அக்ரிலிக்குக்கும் நைலான் பிரஷ் வாங்குங்கள். முடி பிரஷ் தண்ணீரில் ஊறித் தொய்ந்து, ஓரம் கூர்மையாக வராது. நேர்க்கோட்டுக்கு அரை அங்குல பிளாட் பிரஷ், வளைவுக்கு நுனி கூர்ந்த ரவுண்ட் பிரஷ் என இரண்டே போதும். கீரி முடி பிரஷ் என்று யாராவது காட்டினால் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பது குற்றம். சாம்பல் அணிலுக்குச் சரணாலயம் இருக்கும் ஊரில் கீரிக்கும் அந்த நியாயம் பொருந்தும்தானே. மெய்யெழுத்துப் புள்ளிகளை பிரஷ் முடியால் வைக்காமல், காம்பின் பின்முனையைப் பெயின்ட்டில் தோய்த்துத் தொட்டு வையுங்கள். எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் வரும்.

21. நேராகச் சுவரில் எழுதாமல் தாளில் முழு அளவில் எழுதி, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிடுங்கள். சுவரில் தாளை ஒட்டி, பேண்டேஜ் துணியில் கரித்தூளைப் பொட்டலமாகக் கட்டித் தட்டினால் புள்ளிக்கோடு இறங்கும். இளநிறச் சுவருக்குக் கரித்தூளை மிகக் கொஞ்சமாக எடுங்கள். இல்லையென்றால் மஞ்சளும் வெள்ளையும் அழுக்காகும். பிரஷ் எடுக்கும் முன் ஒருவர் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க, இன்னொருவர் சுவரைப் பார்த்து விரல் வைத்துச் சரிபாருங்கள். ல, ள, ழ பிழையைத் திருத்தக் கரிப் புள்ளிக்கோடு என்றால் ஒரு துடைப்பு போதும். பெயின்ட் ஏறிவிட்டால் ஒரு நாள் வேலை. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முந்தைய புத்தகங்களில் 'லை', 'னை', 'றா' போன்றவை பழைய வடிவில் இருக்கும். பழையதா புதியதா என்று ஒன்றை முடிவு செய்து, கடைசி வரி வரை அதையே எழுதுங்கள்.

22. ஆர்ட்டிஸ்ட்டை வைத்து எழுதினால், எழுத்துக் கணக்கா சதுரடிக் கணக்கா என்பதையும், பெயின்ட் அவருடையதா நம்முடையதா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். வெளிச்சுவர் விளம்பரம் எழுதிப் பழகியவர் எனாமல் டப்பாவோடுதான் வருவார். கை அதில்தான் படிந்திருக்கும். வீட்டுக்குள் எமல்ஷன் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி, ஓர் அட்டையில் ஒரு வரி எழுதிக் காட்டச் சொல்லுங்கள். 'அண்ணே, கடைசி வரிக்கு இடம் பத்துமா?' என்று கோடு போடும்போதே கேட்டுவிட்டால், முடிவில் எழுத்தை நெருக்கித் திணிக்க நேராது.

எழுதிய பிறகு

23. எனாமல் எழுத்துக் காயும்வரை பூஜை அறையில் விளக்கு, கற்பூரம் ஏற்றாதீர்கள். டர்பன்டைன் ஆவி தீப்பிடிக்கக்கூடியது. ஜன்னலைத் திறந்து வைத்து, வாசனை முழுக்கப் போகும்வரை கைக்குழந்தையை அந்த அறையில் படுக்கவைக்க வேண்டாம். எனாமல் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியில் விரித்துக் காயவிட்ட பிறகே குப்பையில் போடுங்கள். எமல்ஷன் எழுத்தை மூன்று, நான்கு வாரம் ஈரத்துணியால் தொடாதீர்கள். அதற்குப் பிறகுதான் முழுக்க இறுகும். விளக்குப்புகை தங்காமலிருக்க, எழுத்தின் கீழ்வரிக்கு நேர் கீழே விளக்கை வைக்காமல் ஓரடி முன்னால் தள்ளி வையுங்கள். பாதுகாப்புக்கு மேல்பூச்சு வேண்டுமென்றால் தண்ணீர் சார்ந்த தெளிவான மேட் பூச்சையே கேளுங்கள். எண்ணெய் வார்னிஷ் போகப்போக மஞ்சளாகி, வெள்ளை எழுத்தைக் கெடுக்கும்.

24. மிச்சப் பெயின்ட்டைச் சின்னக் கண்ணாடி பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி இறுக்கி மூடுங்கள். உள்ளே காற்று குறைந்தால் ஆடை கட்டாது. எமல்ஷனா எனாமலா, கம்பெனி எது, நிற எண் என்ன, எத்தனை சொட்டு ஸ்டெயினர் கலந்தது, எந்த மாதம் எழுதியது என்பதை ஒரு தாளில் எழுதிப் பாட்டிலில் ஒட்டிவிடுங்கள். கட்டில் இடித்து ஓர் எழுத்தின் கால் பெயர்ந்தால், அந்த ஓர் எழுத்தை மட்டும் சரிசெய்ய அதுவே உதவும். துணைக்காலில் ஒட்டுப் போட முழுப் பாசுரத்தையும் திரும்ப எழுத வேண்டியிருக்காது.